கலத்துக்குள் சுழலும் மெசினும் ஓர் அகதி வைத்தியரும்



ஏ/எல் படிக்கிற காலத்தில் 'ஏ.ரீ.பி. கலத்தின் சக்தி நாணயம்' எண்டு பாடமாக்கினேன். அதை ஆக்கும் நொதியம் எப்படி வேலை செய்யுது எண்டு அப்போது கேட்கவில்லை. இப்போது தொழிற்சாலையில் நாள் முழுக்க மெசினோடு நிற்கிறபோது கேட்கத் தோன்றியது. தேடி வாசித்ததில் ஓர் அகதியின் கதையும் கிடைத்தது.

எப்ரெயிம் றக்கர் வியன்னாவில் வளர்ந்த யூதர். அவர் வைத்தியப் பட்டம் பெற்ற 1938 இல்தான் ஹிற்லரின் படை ஒஸ்ரியாவுக்குள் புகுந்தது. பிரித்தானியாவுக்குத் தப்பி ஓடி, பின்பு அமெரிக்கா போனார். நியூயோர்க்கில் ஹார்லம் ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்துவிட்டு, திரும்பவும் ஆராய்ச்சிக்கு வந்தார்.

1960 இல் அவரும் கூட்டாளிகளும் மாட்டு இருதயத்தின் இழைமணிகளை உடைத்து, மென்சவ்விலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது இல்லாத மென்சவ்வு ஒட்சிசனைப் பாவித்தது, ஆனால் ஏ.ரீ.பி. வரவில்லை. திரும்பச் சேர்த்ததும் வந்தது. மெசின் திருத்துகிறவன் செய்கிற வேலைதான்: கழற்றிப் பார், பூட்டிப் பார். அந்தப் பகுதிக்கு எவ்-1 எண்டு பெயர் வைத்தார்கள்.

அதை ஓட்டுவது எது? மென்சவ்வின் ஒரு பக்கத்தில் குளத்துத் தண்ணி போலத் தேங்கும் ஐதரசன் அயன்கள் பாய்வதால்தான் எண்டு 1961 இல் ஆங்கிலேயர் பீற்றர் மிச்செல் எழுதினார். பலர் நம்பவில்லை. 1974 இல் றக்கரும் ஸ்ரொக்கீனியசும், வெளிச்சத்தால் இந்த அயன்களைத் தள்ளும் பக்ரீரியாப் புரதத்தையும் மாட்டு இருதய நொதியத்தையும் ஒரே கொழுப்புக் குமிழில் வைத்து, வெளிச்சம் பாய்ச்சினார்கள். ஏ.ரீ.பி. உண்டானது! மிச்செலுக்கு 1978 இல் நோபல் பரிசு. றக்கருக்குக் கிடைக்கவேயில்லை.

எவ்-1 இல் மூன்று அல்பா, மூன்று பீற்றாப் புரதங்கள் தோடம்பழச் சுளைகள் போல மாறி மாறி இருக்கின்றன. நடுவில் காமா எண்ட அச்சு. அது ஒருமுறை சுற்ற மூன்று ஏ.ரீ.பி. உண்டாகும். சுழற்சியை ஊகித்தவர் அமெரிக்கரான போல் பொயர். 1994 இல் கேம்பிறிட்ஜில் ஜோன் வோக்கரின் குழு அமைப்பைக் காட்டியது. 1997 இல் யப்பானியர் அது சுழல்வதை நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். அதே வருசம் பொயருக்கும் வோக்கருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. றக்கர் 1991 இலேயே காலமாகிவிட்டார்.

என்ர அக்காவின் மகள் இந்த வருசம் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கிறாள். அவளின் புத்தகத்தில் படம் இருக்கு, றக்கரின் பெயர் இல்லை. பக்கத்தில் நான் பென்சிலால் எழுதிக் குடுத்தேன். "ஆர் மாமா இவர்?" எண்டு கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதைதான் இது.