ஃபிளாக்

'ஃப்ரீ லாஸ்லெஸ் ஆடியோ கோடெக்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்; ஒலியை இழப்பின்றிச் சுருக்கிவைக்கும் கோப்பு வடிவம். கோடெக்கே ஓர் ஒட்டுச்சொல்: கோடர், டீகோடர் இரண்டையும் வெட்டி இணைத்தது. 'ஃப்ரீ' விலையை மட்டும் குறிக்கவில்லை, யாரும் எடுத்தாளும் உரிமையையும் குறிக்கிறது. ஜோஷ் கோல்சன் உருவாக்கிய இதன் 1.0 பதிப்பு 2001இல் வந்தது.

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது, ஒவ்வொன்றும் 16 பிட். காதுக்கு எட்டாது என்று தான் கருதுவதை எம்பி3 கழித்துவிடும். ஃபிளாக் அப்படியல்ல, அடுத்த மாதிரியை முன்கணித்து, கணிப்பில் விழுந்த பிசகையும் எழுதிவைக்கும். அதனால் விரித்தால் ஒரு பிட்கூடக் குறையாது. வேவ் கோப்பிலும் இழப்பில்லை, ஆனால் இடத்தை விழுங்கும். சேமித்துவைக்க ஃபிளாக்தான் சரி: அதிலிருந்து எம்பி3 எப்போதும் எடுக்கலாம். எம்பி3யை ஃபிளாக்காக்கினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி வராது.