கெடிசின் தோட்டப் பள்ளி

தாவரவியல் பேராசிரியர் ஒருவர் நகர அமைப்பாளராக மலர்ந்த வரலாறு பாட்ரிக் கெடிசினுடையது. ஸ்காட்லாந்தில் 1854இல் பிறந்த இவர், 1886இல் மணம் முடித்தபின், எடின்பரோ பழைய நகரின் நெரிசல் மிக்க ஜேம்ஸ் கோர்ட்டில் மனைவி அன்னாவுடன் வலிந்து குடியேறினார். ஏழைகளைத் திருத்த வருவோர் முதலில் அவர்களுக்கு அண்டை வீட்டாராக வேண்டும் என்பது அவர் துணிபு.

இடிந்த வீடுகள் விட்டுச்சென்ற வெற்றிடங்கள் அங்கே குப்பைமேடுகளாகக் கிடந்தன. கெடிசின் அவுட்லுக் டவர் நிறுவனத்தார் அவற்றைக் கணக்கெடுத்தனர்: 75 துண்டுகள், மொத்தம் ஏறத்தாழ 10 ஏக்கர். மகள் நோராவின் மேற்பார்வையில் அவற்றுட் சில தோட்டங்களாயின. 1910இல் திறந்த வெஸ்ட் போர்ட் தோட்டம் இன்றும் இருக்கிறது. கண்ணுக்கு அழகு செய்வது மட்டும் நோக்கமன்று. மனித வாழ்வு முழுதும் பச்சையிலையை நம்பியிருப்பதைச் சந்துகளில் வளரும் பிள்ளைகள் விதைத்தும் நீர்வார்த்தும் உணரவேண்டும் என்று அவர் விரும்பினார். இதயம், கை, தலை என்பது அவர் வகுத்த கல்வியின் வரிசை. நம் பள்ளிகளோ தலையில் தொடங்கித் தலையிலேயே முடிகின்றன!

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914இல் கெடிஸ் இங்கு வந்தார். அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, செப்டம்பர் 22இல் சென்னையைச் சுட்ட அதே எம்டன், அக்டோபரில் மூழ்கடித்தது. (எம்டன் நம் பேச்சுவழக்கில் தங்கிவிட்டது; கெடிஸ் தங்கவில்லை.) நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915இல் கண்காட்சி நடந்தது. மதுரை உள்ளிட்ட ஊர்களைப் பற்றி அறிக்கைகளும் எழுதினார்.

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பது அக்காலச் சுகாதாரக் கொள்கை. கெடிஸ் அதனை மறுத்தார். மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழு ஒழியும். குளம் காற்றைக் குளிர்விக்கும், மழைநீரை வாங்கிக்கொள்ளும் என்றார். நகரக் கழிவு தோட்டத்து எருவாகவேண்டும் என்று 1918இல் இந்தூர் அறிக்கையில் வற்புறுத்தினார்.

ஆயினும் 1923இல் தொடங்கிய குடியிருப்புத் திட்டத்துக்காக மாம்பலம் ஏரி தூர்ந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை உண்டு. நின்று பார்க்க ஏரி இல்லை.

எடின்பரோவில் கெடிசின் பாடம் மண்வெட்டி வழியாகக் குடிமக்களைச் சேர்ந்தது. இங்கோ அது ஆங்கில அறிக்கையாக அச்சேறி அலுவலகங்களுக்குச் சென்றது. வேறுபாடு இதுவே என்பது என் கருத்து. ஊரார் கூடி ஏரியைத் தூர்வாரி, வண்டலை வயலுக்கு இட்ட குடிமராமத்து கெடிசுக்கு நெடுங்காலம் முன்பே நம்மிடம் இருந்தது. மாம்பலத்து மனைகளில் வீடு கட்ட வந்தவர்களிடம் அந்தக் கைப்பழக்கம் வந்து சேரவில்லை.