ஒரு ஷில்லிங் போன கதை

புனேயில் எங்கள் டீமுக்கு டப்ளினில் ஒரு க்ளையன்ட். நமக்கு மதியச் சாப்பாடு முடியும்போதுதான் அங்கே ஆபீஸ் திறப்பார்கள். தினமும் ஒரு கால் உண்டு. வேலைப் பேச்சு முடிந்ததும் மழை பற்றிப் பேசுவோம், அதுவும் தீர்ந்தால் அரசியல். ஒருநாள் பட்ஜெட் பற்றிப் பேச்சு வந்தபோது அந்தப் பக்கத்துப் பெரியவர் சொன்னார்: "எங்க ஊர்ல வயசானவங்க பென்ஷன்ல மட்டும் யாரும் கை வைக்க மாட்டாங்க. 1924-ல ஒருத்தர் வச்சார். இன்னிக்கு வரைக்கும் திட்டு வாங்கறார்."

யாரந்த மகானுபாவர் என்று தேடப் போய்ப் படித்ததுதான் இந்தப் பதிவு.

முதியோர் பென்ஷன் சட்டம் 1908-ல் லண்டன் பார்லிமென்ட்டில் நிறைவேறியபோது அயர்லாந்து பிரிட்டனோடு சேர்ந்திருந்தது. 1909 ஜனவரி 1 முதல், 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். காசாகக் கையில் எதையும் பார்க்காத கிராமத்துக் கிழவன் கிழவிகளுக்கு அது பெரிய தொகை. வீட்டில் மரியாதையே கூடியிருக்கும்.

ஒரே சிக்கல், வயதை நிரூபிக்க வேண்டும். அங்கே எல்லோருக்குமான பிறப்புப் பதிவு ஆரம்பித்ததே 1864-ல்தான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1839 ஜனவரி 6 ராத்திரி அயர்லாந்தைப் புரட்டிப் போட்ட பெருங்காற்று ஒன்று உண்டு. அந்தக் காற்று ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிறவருக்கு 70 ஆகியிருக்க வேண்டும் இல்லையா? அரசாங்கம் எதிர்பார்த்ததைவிட ஏகப்பட்ட பேருக்கு ஞாபகம் இருந்தது :-)

முதல் உலகப் போர் முடிந்த பிறகு விலைவாசி ஏறியதால் பென்ஷன் 10 ஷில்லிங் ஆனது. 1922-ல் சுதந்திர அரசு வந்தது. கூடவே உள்நாட்டுச் சண்டையும் வந்தது. அடித்துக்கொண்டு ஓய்ந்தபோது கஜானா காலி. நிதி அமைச்சர் எர்னஸ்ட் பிளைத் கணக்குப் பார்த்தார். பென்ஷன் செலவு கண்ணை உறுத்தியது. 1924-ல் 10 ஷில்லிங்கை 9 ஆக்கினார். தகுதி விதிகளையும் இறுக்கினார்.

அவர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். புது நாடு, யாரும் நம்பிக் கடன் கொடுக்க யோசிக்கும் நேரம். "இவர்களுக்கு ஆளத் தெரியாது" என்று லண்டனில் சிரிக்க ஆள் காத்திருந்தார்கள். பட்ஜெட்டைச் சரிக்கட்டிக் காட்டுவது மானப் பிரச்சினை. ஆனால் அதே அரசு அடுத்த சில ஆண்டுகளில் வருமான வரியைப் பவுனுக்கு 5 ஷில்லிங்கிலிருந்து 3 ஷில்லிங்குக்கு இறக்கியது. மேலே இருப்பவருக்கு இரண்டு ஷில்லிங் சலுகை, கீழே இருப்பவரிடம் ஒரு ஷில்லிங் பிடித்தம். இதை ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1928-லேயே அந்த ஷில்லிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிரயோஜனமில்லை. 1932 தேர்தலில் டி வலேராவின் ஃபியானா ஃபாயில் ஆட்சிக்கு வந்தது. பத்து வருஷம் முன்னால் துப்பாக்கிச் சண்டையில் தோற்றவர்களிடம், ஜெயித்தவர்கள் சத்தமில்லாமல் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இதற்கே அவர்களுக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். புது அரசு பென்ஷன் விதிகளைத் தளர்த்தியது, 1933-ல் வேலையில்லாதோர் உதவித்தொகைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷத் தேர்தலில் பிளைத் தன் தொகுதியையே இழந்தார். டப்ளினின் புகழ்பெற்ற ஆபி தியேட்டருக்கு அரசு மானியம் கொடுத்தவரும், பிற்காலத்தில் அதை நிர்வகித்தவரும் இதே மனிதர்தான். ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது என்னவோ ஷில்லிங் மட்டும்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1937-ல் டி வலேரா கொண்டுவந்த அரசியல் சட்டத்தில், நலிந்தவர்களையும் முதியவர்களையும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பிரிவு உண்டு. கூடவே, இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் எழுதிவிட்டார்கள். நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அங்கிருந்து வந்தவைதான். நமது 41-வது பிரிவு வேலை, கல்வி, முதுமையில் உதவி எல்லாம் பேசும். 37-வது பிரிவு, கோர்ட்டில் கேட்காதே என்று சொல்லும். ஆக இரண்டு நாட்டிலும் ஏழைக்கு இருக்கும் ஒரே கோர்ட், ஓட்டுச் சாவடி.

இப்போது 2008-க்கு வருவோம். செப்டம்பர் 30 அன்று, விழப்போகும் வங்கிகளுக்கு அயர்லாந்து அரசு ஒரே ராத்திரியில் உத்தரவாதம் கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து வந்த பட்ஜெட்டில், 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 2001-லிருந்து கிடைத்துவந்த இலவச மருத்துவ அட்டையை, வருமானம் பார்த்துத்தான் இனி தருவோம் என்றார்கள். அக்டோபர் 22 அன்று சுமார் 15,000 பேர் பார்லிமென்ட் வாசலில் கூடிவிட்டார்கள், பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். அரசு வருமான வரம்பை ஏற்றிவிட்டுப் பின்வாங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. 2010-ல் ஐரோப்பிய யூனியனும் ஐ.எம்.எஃப்-ம் வந்து கைகொடுக்கும் நிலைமை. எல்லாவற்றிலும் வெட்டு. முதியோரின் கிறிஸ்துமஸ் போனஸ்கூடப் போனது. ஆனால் வாராந்திர பென்ஷன் 230.30 யூரோவை மட்டும் தொடவில்லை. பிளைத்தின் ஆவி காவல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில்லாதவர்களின் உதவித்தொகையோ 204.30-லிருந்து 196, பிறகு 188. புதிதாக விண்ணப்பிக்கும் 20 வயதுக்குக் கீழானவர்களுக்கு 2009-ல் வெறும் 100 யூரோ. அவர்கள் பார்லிமென்ட் வாசலை நிரப்பவில்லை. நிறையப் பேர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விமானம் ஏறிவிட்டார்கள். வெளிநாட்டில் குடியேறிவிட்ட ஐரிஷ்காரருக்கு, ஒருசில அரசு ஊழியர்கள் தவிர, பார்லிமென்ட் தேர்தலில் ஓட்டு கிடையாது. போனவன் கோபத்தை எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

2011 தேர்தலில் ஃபியானா ஃபாயில் 20 இடங்களாகச் சுருங்கியது. 37 இடம் பிடித்து அடுத்த கூட்டணி ஆட்சியில் சேர்ந்த லேபர் கட்சி, வெட்டுகளைத் தொடர்ந்ததால் 2016-ல் 7 ஆனது. ஆட்சி மாறியது சரி, 2014 பட்ஜெட்டில் அந்த 100 யூரோ கணக்கை 24 வயது வரைக்கும் நீட்டினார்கள்!

பிளைத் செய்த ஒரே தப்பு வெளிப்படையாக வெட்டியது என்று தோன்றுகிறது. நம் மத்திய அரசு முதியோர் பென்ஷனில் தன் பங்காக 2006-ல் மாதம் 200 ரூபாய் வைத்தது. 80 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பதினைந்து வருஷம் தாண்டியும் அது அதே 200 ரூபாய்தான். யாரும் எதையும் வெட்டவில்லை. விலைவாசியே வெட்டிக்கொண்டது. திட்டுவதற்கு ஒரு பிளைத் பெயர்கூட நமக்கு இல்லை.

என் பெயர் இன்னும் ஊர் வோட்டர் லிஸ்டில்தான் இருக்கிறது. கடந்த இரண்டு தேர்தலுக்கும் லீவும் டிக்கெட்டும் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு போகாமல் இருந்துவிட்டேன். ஒரு ஷில்லிங்கை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கும் ஊரைப் பற்றிப் படித்த பிறகு, அந்தச் சாக்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.