கல்வி வளர்ச்சி நாள்

காமராசரின் பிறந்த நாளான ஜூலை 15, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2006இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் இந்நாளின் வழக்கமான நிகழ்ச்சிகள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் 1954இல் முதலமைச்சரானார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றிருந்த, முந்தைய முதலமைச்சர் ராஜாஜியின் கல்வித் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது.

நெசவு ஊரான காஞ்சிபுரத்தில் இந்நாளுக்குத் தனிப் பொருள் உண்டு. கோர்வைப் பட்டுப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். கரைக்கான நாடாவை வீச நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். நெடுங்காலம் அது பெரும்பாலும் சிறுவர்களின் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளைகள் தறியிலேயே கிடந்த நிலையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கையாக வெளியிட்டது.

தறியிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் 6 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி சட்டப்படி உரிமையானது.

காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளில், 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024ஆம் ஆண்டின் கல்வி வளர்ச்சி நாளில் அது ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது.