பால்வழியை விட்டு வெளியேறும் விண்மீன்கள்

பால்வழி மண்டலத்தின் ஈர்ப்பால் திருப்பி இழுக்க முடியாத வேகத்தில் செல்லும் விண்மீன்கள் அதிவேக விண்மீன்கள் எனப்படும். சூரியன் பால்வழி மையத்தை நொடிக்கு ஏறத்தாழ 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. சூரியன் இருக்குமிடத்திலிருந்து மண்டலத்தைவிட்டு வெளியேற நொடிக்கு 500 முதல் 580 கி.மீ. வரை வேண்டும் என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மையத்துக்கு அருகே இவ்வரம்பு உயரும், விளிம்பில் தாழும். ஆகவே ஒரு விண்மீன் வெளியேறுகிறதா என்பதற்கு அதன் வேகம் மட்டும் விடையாகாது. அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு நிறை அதைப் பின்னிழுக்கிறது என்பவையும் தெரிய வேண்டும். இத்துறையின் வரலாற்றை நெடுகப் பார்த்தால், விண்மீனைப் பற்றிய தீர்ப்பு ஒவ்வொரு முறையும் மண்டலத்தைப் பற்றிய தீர்ப்பாகவே இருந்து வந்திருப்பது தெரியும்.

1842இல் வானியலாளர் அர்கெலாண்டர் பெரும் இடப்பெயர்ச்சி உடையதெனக் கண்டறிந்த குரூம்பிரிட்ஜ் 1830 என்ற விண்மீன் இதற்கு முதற்சான்று. வானில் மிக வேகமாக இடம்பெயர்ந்த இதன் வேகம் நொடிக்குச் சுமார் 320 கி.மீ. என்று 1878இல் எழுதிய சைமன் நியூகோம், அன்று அறியப்பட்ட விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து இழுத்தாலும் நொடிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல் கட்டுப்படுத்த இயலாது எனக் கணக்கிட்டார். அவர் கணக்கில் அது தப்பியோடும் விண்மீன். பின்னர் மண்டலத்தின் நிறை பல மடங்கு பெரிது என்று தெரிந்ததும், அதே விண்மீன் பால்வழிக்குக் கட்டுப்பட்டதாகிவிட்டது. அதன் வேகத்தின் மதிப்பு பெரிதாக மாறவில்லை. மாறியது மண்டலத்தின் எடை.

வெளியேற்றத்தை முறையான கணக்காக மாற்றியதில் பெரும்பங்கு சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றினார். வெண்குறுமீன்களின் நிறை வரம்புக்காகவே அவர் பெயர் பரவலாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் 1942இல் வெளிவந்த விண்மீன் இயக்கவியல் நூலும், 1943இல் இயக்க உராய்வு பற்றி எழுதிய மூன்று கட்டுரைகளும் அதற்கு இளைத்தவை அல்ல. ஒரு விண்மீன் கொத்தில் உறுப்பு விண்மீன்கள் ஒன்றையொன்று கடக்கும்போது வேகத்தைக் கொடுத்தும் வாங்கியும் வருகின்றன. கொத்தின் சராசரி வேகத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு பெற்ற விண்மீன் வெளியேறிவிடும். அம்பர்த்சுமியான் 1938இலும் ஸ்பிட்சர் 1940இலும் இக்கணக்கைத் தொடங்கியிருந்தனர்: வேகங்கள் ஒருமுறை கலைந்து அடுக்கப்படும் காலத்துக்குள் நூற்றுக்கு 0.74 பங்கு விண்மீன்கள் வெளியேறும் என்பது அதன் சாரம். இதில் ஒரு குறை இருப்பதைச் சந்திரசேகர் காட்டினார். ஓடும் விண்மீனைச் சுற்றியுள்ள விண்மீன்கள் தம் ஈர்ப்பால் சராசரியாகப் பின்னிழுக்கவே செய்கின்றன. இந்தத் தடையைச் சேர்த்தால் வெளியேற்றம் வெகுவாகக் குறைகிறது. கார்த்திகைக் கூட்டம் போன்ற கொத்துகள் இன்றும் கலையாமல் இருப்பதற்கு அவர் தந்த விளக்கம் இதுவே.

கொத்தை விட்டு விலகுவது வேறு, மண்டலத்தை விட்டு விலகுவது வேறு. முதலாவதற்கு நொடிக்குச் சில கி.மீ. போதும், எனவே சந்திரசேகருக்கு இங்கே இடமில்லை என்று வாதிடலாம். வேறுபாடு உண்மைதான். ஆனால் அவரது கணக்கே அந்த வேறுபாட்டுக்குப் பொருள் தருகிறது. சூரியனின் சுற்றுப்புறத்தில் உள்ள ஒரு விண்மீன் அண்டை விண்மீன்களின் சிறுசிறு இழுப்புகளால் தன் வேகத்தைக் கணிசமாக மாற்றிக்கொள்ள லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள். மெல்ல மெல்ல வேகம் சேர்ந்து பால்வழியை விட்டு வெளியேறும் வழி இதனால் அடைபடுகிறது. ஆகவே வெளியேறும் விண்மீன் ஒன்று கண்ணில் பட்டால், ஏதோ ஒரு வன்மையான நிகழ்வு அதை எறிந்திருக்க வேண்டும்.

அத்தகைய நிகழ்வுகளில் இரண்டு 1960களிலேயே பேசப்பட்டன. இரட்டை விண்மீன்களில் ஒன்று வெடித்துச் சிதறும்போது மற்றது விடுபட்டு ஓடும் என 1961இல் பிளாவ் விளக்கினார். நெருக்கமான கொத்துகளில் நடக்கும் மோதல் சந்திப்புகளைப் பொவேடா குழுவினர் 1967இல் முன்வைத்தனர். மூன்றாவது 1988இல் ஜாக் ஹில்ஸ் கூறியது: பால்வழி மையத்தின் பெருங்கருந்துளையை நெருங்கும் இரட்டை விண்மீன்களில் ஒன்று சிறைப்படும், மற்றது நொடிக்கு 4,000 கி.மீ. வரையிலான வேகத்தில் எறியப்படலாம். வாரன் பிரவுன் குழுவினர் நொடிக்கு 709 கி.மீ. வேகமுள்ள முதல் அதிவேக விண்மீனை 2005இல் அறிவித்தனர். 2019இல் நொடிக்குச் சுமார் 1,755 கி.மீ. வேகத்தில் செல்லும் மற்றொன்று அறிவிக்கப்பட்டது. அதன் பாதையைப் பின்னோக்கி வரைந்தால் 48 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது மையத்தில் இருந்தது.

இவ்வாறு எறியப்பட்ட விண்மீன்கள் சிலவற்றின் வானிடங்களைக் காண இராமநாதபுரம் மாவட்டத்தின் மாரியூர் ஏற்ற இடம். 9 பாகை வட அகலாங்கில், தெற்கே மன்னார் வளைகுடா திறந்திருக்கும் கரை அது. தை மாத இரவில் திருவாதிரைக்கும் அகத்திய விண்மீனுக்கும் இடைப்பட்ட பகுதியில் மியூ கொலம்பே என்ற விண்மீன் மங்கலாக, இருள் நன்கிருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஓரியன் பகுதியிலிருந்து சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எறியப்பட்டது, எனினும் பால்வழியைத் தாண்டும் வேகம் அதற்கில்லை. அகத்திய விண்மீனுக்கு மேற்கே, தொலைநோக்கிக்கு மட்டுமே எட்டும் ஓர் அதிவேக விண்மீன் 2005இல் கண்டறியப்பட்டது. அதன் பிறப்பிடம் இன்னும் விவாதத்தில் உள்ளது. ஹபிள் அளவீடு 2010இல் பால்வழி மையத்தைச் சுட்டியது. கையா விண்கலத்தின் தரவுகள் அண்டை மண்டலமான மகெல்லன் பெருமேகத்தை நோக்கிச் சாய்கின்றன. அந்த மேகமும் மாரியூரில் தென்கடலுக்கு மேல் சுமார் 11 பாகை உயரம் வரை எழும்.

கையா தரவுகள் வெளிவந்த 2018இல், அதிவேகமானவை எனப் பட்டியலிடப்பட்டிருந்த குளிர்ந்த விண்மீன்களில் ஏறத்தாழ எல்லாமே பால்வழிக்குக் கட்டுப்பட்டவை என்று தெரியவந்தது. அதே ஆண்டில், வெடித்த துணையை இழந்து நொடிக்கு 1,000 கி.மீ.க்கும் மேல் ஓடும் மூன்று வெண்குறுமீன்கள் கண்டறியப்பட்டன. அளவீடு திருந்தியதும் பட்டியல் சுருங்கியதைக் காட்டி, இத்துறையே உறுதியற்றது எனலாம். உண்மை நேர்மாறானது: எந்த விண்மீன் தப்புகிறது, எது திரும்பும் என்று பிரிக்கும் எல்லைக்கோடுதான் ஒளிராத நிறையையும் உட்படுத்திப் பால்வழியை எடைபோடும் வழிகளில் ஒன்று. நியூகோமின் கணக்கு பிழைத்ததற்குக் காரணமான அதே உறவு, இன்று மண்டலத்தின் நிறையை அறியும் கருவியாகப் பயன்படுகிறது.