ஒலியை எழுதிவைத்தல்: ஏலாக்குறிச்சியும் ஒலிப்பதிவின் முன்வரலாறும்

ஒலிப்பதிவின் வரலாற்றை 1877இல் எடிசன் செய்த ஃபோனோகிராஃபிலிருந்து தொடங்குவது வழக்கம். பதிந்த ஒலியைத் திரும்பக் கேட்டது அப்போதுதான். ஒலியைக் குறித்துவைக்கும் முயற்சி அதற்கு முந்தியது. 1857இல் ஃபோனாட்டோகிராஃபுக்குக் காப்புரிமை பெற்ற பிரெஞ்சுக்காரர் ஸ்காட் த மார்தின்வில் அச்சுத்தொழில் செய்தவர். அவர் கருவியில் ஒலி பட்டதும் சவ்வு அதிரும். அதில் பொருத்திய மயிர், புகைக்கரி படிந்த தாளில் அலைகோடாகக் கீறும். அக்கோட்டைக் கண்ணால் படிக்கலாம் என்பதே அவர் எண்ணம். 1860இல் அவர் பதிந்த பாட்டு, கணினியின் துணையால் 2008இல்தான் காதில் விழுந்தது. திரும்ப ஒலிக்காத அந்தக் கருவியை முன்னோடி என்று ஏற்கிறோம். அப்படியானால் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், திருக்காவலூர் என்றும் வழங்கும் இவ்வூரில் நெடுங்காலம் பணியாற்றினார். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைப்பது பழைய மரபு. பனையோலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் ஏடெழுதுவோர் அதை விட்டுவிட்டனர். எரியும் ஏரியும், கொடுவும் கோடும் ஒரே வடிவில் நின்றன. நெடில் கொம்பை மேலே சுழித்து, ஓகாரத்தின் அடியில் சுழி சேர்த்து இக்குழப்பத்தைத் தீர்த்த சீர்திருத்தம் அவர் பெயரால் வழங்குகிறது. ஓலை தாங்கும் கோட்டிலேயே ஒலியின் நீளத்தைக் காட்டியது அதன் நுட்பம்.

தமிழர் இடம் பார்த்துச் சரியாகவே படித்துவந்தார்களே என்று கேட்கலாம். சொல்லை முன்பே அறிந்தவருக்கு அது போதும். புதிதாகக் கற்பவருக்கு எழுத்தே ஒலியைச் சொல்லியாக வேண்டும். லத்தீன் மொழியில் பேச்சுத்தமிழான கொடுந்தமிழுக்கு இலக்கணம் எழுதிய வீரமாமுனிவருக்கு அந்தத் தேவை நன்றாகத் தெரிந்திருக்கும். எழுத்தில் குரல் இல்லையே என்ற மறுப்பு இன்னும் வலுவானது. 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் கெய்ஸ்பர்க் இசைத்தட்டில் பதிந்த பாடகி கவ்ஹர் ஜானின் குரலை எந்த எழுத்தாலும் தர முடியாது. ஆனால் தமிழ்ச் செய்யுளின் ஓசை குறில் நெடிலால் அமைவது. சொல்லின் முதலில் ‘எரி’ நிரையசை; ‘ஏரி’ நேர்நேர். குறி தவறினால் சீரே மாறிவிடும். வீரமாமுனிவரின் தேம்பாவணியில் 3615 பாடல்கள் உள்ளன. அவர் குரல் நமக்குக் கிடைக்காது. அவர் அமைத்த ஓசையை இன்றும் வாய்விட்டுப் படிக்கலாம்.