புனாவில் கைமாறிய பேனா

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தப் பேனா கிடைத்தது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், கறுப்பு எபோனைட். இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்த மை நீலமாகக் கரைந்து வந்துகொண்டே இருந்தது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்றி, விழுப்புரம் போகும் ரயிலில் முதல் வரி எழுதியபோது கை தானாகவே நிதானப்பட்டது. ஒரு குறை உண்டு. மை குறைந்துவிட்டால் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து சொட்டிவிடும். சட்டைப்பையில் இப்போதே இரண்டு கறை.

என் தாத்தா கடைசிவரை கைநாட்டுதான். பேனாவைப் பார்த்து எனக்கு இவ்வளவு சந்தோஷம் வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பாபாசாகேபுக்கும் பேனா என்றால் உயிர். நம் ஊர்ச் சிலைகளில்கூட சட்டைப்பையில் பேனா இருக்கும். ஆனால் அவர் வாழ்க்கையில் வரும் ஒரு பேனாக் கதை எனக்கு இனிப்பதில்லை.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தீண்டப்படாதோருக்கு இரண்டு ஓட்டு தந்தது. ஒன்று பொதுத்தொகுதியில். இன்னொன்று, நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியில். அதை எதிர்த்து காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு எம்.சி.ராஜாவும், திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டார்கள். ராஜாஜிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தன் பவுண்டன் பேனாவை அம்பேத்கரிடம் கொடுத்து, அவருடையதை வாங்கிக்கொண்டார் என்கிறது தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு.

பேனாவுக்குப் பேனா சரியாகப் போயிற்று. ஒப்பந்தத்தில் போன கணக்கு வேறு. 71 தனி இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை கூடியது, நமக்கு மட்டுமேயான அந்த ஓட்டு போனது. நால்வர் பட்டியலை நாமே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் மட்டும் மிஞ்சியது, அதற்கும் பத்தாண்டுக் கெடு. ஒரு மனிதரின் உயிரைப் பணயம் வைத்து வாங்கிய கையெழுத்து அது. அம்பேத்கர் அதை மறக்கவில்லை. 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று புத்தகமே எழுதினார். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கான தன் அறிக்கையில் தனி வாக்காளர் தொகுதியை மறுபடியும் கேட்டார்.

இன்று விழுப்புரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. அதற்குள் வரும் திண்டிவனமும் வானூரும் தனித்தொகுதிகள். வேட்பாளர் நம்மவர்தான், ஆனால் வெற்றி ஊர்த்தெரு ஓட்டில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் நோட்டும் பேனாவுமாக ஒருநாள் பிரச்சார வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள் தோழர்களே. சேரியில் எத்தனை நிமிடம் நிற்கிறது, ஊரில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன், மை நிரப்பிக்கொண்டு.